மலாவி செல்ல ஓர் ஓட்டுநர் உரிமம்

தேர்வுத் திடலின் கம்பி வேலிக்கு வெளியே நின்று நான் கண்களை மூடிக்கொண்டிருந்தேன். ஆகையால், என் துணைவியார் வசந்தா தம் அறுபத்து நான்காம் அகவையில் மகிழுந்து ஓட்டிய முதல் தேர்வை நான் பார்க்கவில்லை. காதால் கேட்டதோடு சரி.

முதலில் பொறியின் சீரான உறுமல் கேட்டது. அடுத்து, மணலில் உருளைகள் மெல்ல நகரும் ஓசை. பிறகு ஏதோ ஒன்று எதன்மீதோ பதமாக முட்டும் ஒலி. அதைத் தொடர்ந்து எங்கள் பயிற்றுநர் டில்லிபாபுவின் குரல் திடல் முழுவதும் பரவியது.

"யம்மா, இன்னாமா பண்ற நீ? வண்டி போய் முட்டிக்கினு நிக்கிது, கண்ணத் தொற மா."

எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று எண்ணி நானும் கண் திறந்தேன். பயிற்சிப் பள்ளியின் வெள்ளை மகிழுந்து, திடலில் நட்டிருந்த குறிக்கம்பம் ஒன்றின்மேல் நெற்றியைச் சாய்த்து நின்றிருந்தது. உள்ளே, கைகளைக் கோத்து, தலை குனிந்து, விழிகளை மூடியவாறு வசந்தா அமர்ந்திருந்தார். அருகில் இருந்த மோட்டார் வாகன ஆய்வாளர் கைத்தடையை இழுத்துப் பிடித்த நிலையில் உறைந்திருந்தார்.

"ஆமென்" என்று முடித்து வசந்தா நிமிர்ந்தார்.

"உடம்புக்கு ஏதாவது முடியலையாம்மா?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"நல்லா இருக்கேன் சார். ஜெபம் பண்ணினேன்."

"வண்டி ஓடும்போதா?"

"வண்டி ஓடுதா?" என்றார் வசந்தா.

ஆய்வாளர் பண்பாளர். சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை. தாளில் ஒரு கோடு கிழித்து, ஏழு நாள் கழித்து வரச் சொன்னார். திடலை விட்டு வெளியே வந்ததும் டில்லிபாபு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எத்தினியோ பேர பாத்துட்டேன் மா. பயந்துகினு அழுதவன் கீறான், எறங்கி ஓடுனவன் கீறான். கண்ண மூடிக்கினு வண்டி எட்த்த மொத ஆளு நீதான்."

ஆமென் வரும்வரை சாவி திரும்பாது

பிற சமயத்து வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். எங்கள் இல்லங்களில் இறைவேண்டல் செய்யாமல் எந்த ஊர்தியும் புறப்படாது. ஆலயத்தார் கூட்டமாகப் பேருந்தில் பயணம் போனாலும், நால்வர் தானி எனும் ஆட்டோவில் ஏறி ஆவடி நிலையத்துக்குப் போனாலும், எல்லாரும் அமர்ந்தபின் மூத்தவர் ஒருவர் வேண்டுவார். ஏனையோர் கண்மூடித் தலை குனிவர். என் மாமனார் இவ்வகையில் நீண்ட வேண்டல்களுக்குப் பேர்போனவர். ஒருமுறை எங்கள் வழிப்பயணத்துக்காக அவர் வேண்டி முடிப்பதற்குள் நாங்கள் ஏறவேண்டிய தொடர்வண்டி போய்விட்டது. அடுத்த வண்டிக்காகவும் அவர் வேண்டத் தொடங்கினார்.

வசந்தா செவிலியராகப் பணியாற்றியவர். ஊசி போடுமுன் ஒரு மூச்சளவு கண்மூடுவது அவர் வழக்கம். அதைக் கண்ட நோயாளிகளும் அச்சத்தில் கண்மூடிக்கொள்வார்களாம்.

ஆறு வாரப் பயிற்சியிலும் இவ்வழக்கம் தவறியதில்லை. டில்லிபாபுவின் வண்டியில் முன்புறம் பிள்ளையார் வீற்றிருப்பார்; உருளைக்கு முன் எலுமிச்சம்பழம் நசுங்கும். ஆயினும் வசந்தா வேண்டி முடிக்கும்வரை அவர் சாவியைக் கையில் பொத்தி வைத்திருப்பார். ஆமென் வந்தபின்தான் சாவி திரும்பும். பின்னிருக்கையில் இருந்த என்னையும் சேர்த்து மூவருக்கும் அது பழகிவிட்டது. பழகிப்போன ஒன்றைக் குறித்து எவரும் எச்சரிப்பதில்லை.

தேர்வன்று நேர்ந்தது இதுதான். வசந்தாவுக்கு முன் அதே வண்டியை ஓட்டிய இளைஞர் பொறியை அணைக்காமலேயே இறங்கிப் போனார். ஆய்வாளர் சொன்னபடி வசந்தா கிளட்சை மிதித்து, முதல் கியரில் இட்டு, கைத்தடையை விடுவித்தார். புறப்படும் தறுவாய் வந்துவிட்டது. உடனே, ஐம்பதாண்டுப் பழக்கத்தில், கைகள் தாமே கூடின. விழிகள் தாமே மூடின. உள்ளம் அமைதியடைய, காலும் அமைதியடைந்து கிளட்சிலிருந்து சிறிது சிறிதாக மேலெழுந்தது.

"ஆறு வாரமா நான் கத்திக்கினு கீறேன், மெதுவா உடு, மெதுவா உடுன்னு. அவ்ளோ நைசா கிளட்ச்ச உட்டது அன்னிக்கித்தான் வாத்தியாரே" என்றார் டில்லிபாபு.

கிளட்சுக்கு "உரசிணைப்பி" என்று தமிழ்ச்சொல் உண்டு. முதல் வாரத்தில் அதை அவரிடம் எடுத்துரைத்தேன். "அத்த சொல்லி முடிக்கிறதுக்குள்ள வண்டி லாரி மேல ஏறிடும்" என்று மறுத்துவிட்டார். இத்தகைய சொற்களில் நானும் பணிந்து போகிறேன்.

கடிதத்தில் இருந்தவை

எங்கள் திருச்சபையின் அயல்நாட்டுப் பணிக்குழுவிலிருந்து வந்த அழைப்பைப் பற்றி முன்னரே சில வாரங்கள் எழுதியுள்ளேன். புதிதாகப் படிப்போருக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில், ஏரிக்கரையை ஒட்டிய சிறு மருத்துவமனை ஒன்றுக்கு, ஓய்வு பெற்ற கணவன்-மனைவி இணை ஒன்றை ஈராண்டு அனுப்பக் குழு முடிவு செய்திருந்தது. எங்களைத் தெரிவு செய்தார்கள்.

"எங்களை" என்று எழுதியது என் பெருமைக்காக. வசந்தாவின் கடமைகள் கடிதத்தில் ஒரு பக்கம் முழுவதும் இருந்தன. தடுப்பூசிப் பணி, தாய்மார் நலம், சிற்றூர் சிற்றூராகச் சென்று குழந்தைகளை எடையிடுதல் என அது நீண்டது. தமிழிலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்ற எனக்குரிய பத்தி ஒரே வரி: "கணவர் உடனிருந்து ஊக்கமளிப்பார்."

அதன் கீழே வந்தது எங்களை ஆட்டிப்படைத்த நிபந்தனை. சிற்றூர்களுக்குப் பேருந்து இல்லாமையால், இருவரில் ஒருவரேனும் மகிழுந்து ஓட்டும் உரிமம் பெற்று, அடுத்த திங்கள் முடிவதற்குள் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால், பட்டியலில் அடுத்திருக்கும் இணையர் அனுப்பப்படுவர்.

எனக்கு இடக்கண் பார்வை இளமையிலேயே மங்கிவிட்டது. மருத்துவர் சான்றிதழில் ஒப்பமிட மறுத்துவிட்டார். கண் நன்றாக இருந்திருந்தாலும் என்னை நம்பி ஊர்தியைக் கொடுத்திருக்கக் கூடாது. முன்பொரு காலத்தில் மொபெட் ஒன்று வைத்திருந்தேன். அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு வீடு திரும்பும் வழியில் பழம்பாடல் ஒன்றின் உரைவேறுபாட்டைச் சிந்தித்துக்கொண்டே போய், எரிபொருள் தீர்ந்து வண்டி நின்றபோது திருநின்றவூரில் இருந்தேன்.

எனவே, எல்லாம் வசந்தாவின் கையில். அவருக்கு அறுபத்தைந்து நிறைய நான்கு திங்களே எஞ்சியிருந்தன. அகவை அறுபத்தைந்து கடந்த செவிலியரைக் குழு புதிதாக அனுப்புவதில்லை. இந்த உரிமம் இல்லையேல் மலாவி இல்லை. இனி எந்த நாடும் இல்லை.

ஒன்பதாண்டு ஆய்வேடு

இவ்விடத்தில் பழைய கதையொன்றைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாவிடில் நான் நேர்மையற்றவன் ஆவேன்.

வசந்தா பயிற்சி முடித்த இளஞ்செவிலியராய் இருந்தபோதே வெளிநாட்டு மருத்துவப் பணிக்கு அவரை அழைத்தார்கள். அதே பருவத்தில் எங்கள் திருமணம் உறுதியாயிற்று. பெண் பார்க்கச் சென்றபோது அவர் என்னிடம் கேட்ட ஒரே வினா, "வெளிநாட்டுக்கு வருவீங்களா?" என்பது.

"ஆய்வேடு முடிந்ததும் போகலாம்" என்று நான் வாக்களித்தேன்.

ஆய்வேடு முடிய ஒன்பதாண்டுகள் ஆயின. அதற்குள் மகள் பிறந்தாள், ஆவடியில் வீட்டுக்கடன் பிறந்தது, என் தாயார் நோயுற்றார். வசந்தா அதைப் பற்றி மறுபடி ஒரு சொல்லும் பேசியதில்லை. அழைப்புக் கடிதம் வந்த மாலையில் அதை மூன்று முறை படித்தார். பிறகு சமையலறைக்குச் சென்று, நீர் கொதிக்கும் பாத்திரத்தில் தேயிலைக்கு மாற்றாகச் சீரகத்தைப் போட்டார். நாற்பதாண்டில் அவர் கை தவறி நான் கண்டது அதுவே முதன்முறை. அந்தச் சீரகத் தேநீரை இருவரும் மகிழ்ந்து பருகினோம்.

வேப்பம்பட்டுக்கு அப்பால்

தோல்விக்கு மறுநாள் காலை உணவின்போது, அவரைத் தேற்றுவதாக எண்ணி நான் ஒரு பிழை செய்தேன்.

"முடியவில்லையென்றால் அடுத்தவர்கள் போகட்டுமே" என்றேன்.

வசந்தா இட்லித் தட்டை என்பக்கம் நகர்த்தினார். "நீங்க சாப்பிடுங்க. டில்லி அஞ்சு நிமிஷத்துல வந்துருவார். இந்த வாரம் முழுக்க உங்களுக்கு மதியச் சாப்பாடு கிடையாது. சாந்தி வீட்டுல போய்ச் சாப்பிட்டுக்கோங்க."

சாந்தி எங்கள் மகள். காட்டுப்பாக்கத்தில் அடுக்ககத்தில் குடியிருக்கிறாள். மென்பொருள் நிறுவனத்தில் பணி. தொலைபேசியில் செய்தி கேட்டு, "அம்மா, நான் காரை எழுபதுல ஓட்டினாலே நீ கண்ணை மூடிக்குவே. இப்ப முப்பதுல நீயே மூடிட்டியா?" என்றாள்.

"முப்பது இல்லடி. அஞ்சுகூட இருக்காது" என்று வசந்தா திருத்தினார்.

வேப்பம்பட்டுக்கு அப்பால், மனைகளாகப் பிரித்து எல்லைக்கல் நட்ட வெற்றிடங்கள் உண்டு. பெயர்ப்பலகை பெற்ற தெருக்கள் அங்கே ஆளின்றிக் கிடக்கும். அவ்வாரம் நாள்தோறும் அங்கே பயிற்சி. மதிய உணவை நாடிக் காட்டுப்பாக்கம் போகாமல் நானும் வழக்கம்போல் உடன் சென்றேன். கடிதத்தின்படி ஊக்கமளிப்பது என் பணியாயிற்றே.

உண்மையில் கண்மூடியது சிறு சிக்கல். பெரிய சிக்கல் பின்னோக்கி ஓட்டுவது. இரு கம்பங்களுக்கிடையில் வண்டியைப் பின்னால் செலுத்தி நிறுத்த வேண்டும். வசந்தா வலப்புறம் திருப்பினால் வண்டி தன் விருப்பப்படி வேறுபுறம் போயிற்று. எல்லைக்கற்கள் மூன்று சாய்ந்தன. நிலத்தின் உடைமையாளர் எவரோ, அவரிடம் இதன்வழி மன்னிப்புக் கோருகிறேன்.

நான்காம் நாள் வசந்தா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பின்புறம் நின்று அதை நெடுநேரம் உற்று நோக்கினார்.

"டில்லி, இது ஸ்ட்ரெச்சர்தானே?"

"இன்னாது?"

"நோயாளியப் படுக்க வெச்சு லிஃப்டுக்குள்ள பின்னாடியே இழுத்துட்டுப் போவோம். தலைப்பக்கம் எங்க போகணுமோ, கால்பக்கத்த அதுக்கு எதிர்ல தள்ளணும். முப்பத்தாறு வருஷம் செஞ்சிருக்கேன்."

மீண்டும் ஏறினார். கழுத்தைத் திருப்பிப் பின்கண்ணாடி வழியே பார்த்தார். அவருடைய முகத்தில் அப்போது ஒரு மருத்துவமனை நடைவழி தெரிந்தது. வண்டி தயக்கமின்றிப் பின்னால் சென்று கம்பங்களின் நடுவே நின்றது. இருபுறமும் சமமான இடைவெளி. டில்லிபாபு இறங்கிச் சாண் வைத்து அளந்து பார்த்தார்.

"இத்த மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஸ்டெச்சர்ல வெச்சே ட்ரெய்னிங் குட்த்திருப்பேனே மா" என்றார்.

எஞ்சியது இறைவேண்டல். "ஊட்லயே கும்ட்டுக்கினு வந்துடு, இங்க வாணாம்" என்று டில்லிபாபு அறிவுரை கூறினார். வசந்தா ஏற்கவில்லை. "ஜெபத்த விடமாட்டேன். இடத்த மாத்திக்கறேன்" என்றார். அன்று முதல், கதவைத் திறக்குமுன், வண்டியின் கூரைமேல் உள்ளங்கை வைத்து, வெளியே நின்றவாறே வேண்டினார். வெயிலில் கூரை கொதித்ததால் வேண்டல்கள் சுருங்கின. என் மாமனார் இருந்திருந்தால் வருந்தியிருப்பார்.

ஒரு வாசகருக்கு மறுமொழி

சென்ற வாரக் கட்டுரையைப் படித்த அன்பர் ஒருவர், "மலாவியில் தாங்கள் உண்மையில் என்ன வேலைதான் செய்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். முறையான வினா.

இதை எழுதும் மேசைக்கு அப்பால் ஏரி தெரிகிறது. கரையில் விரல்நீள மீன்களைப் பரண்களில் காயவைத்திருக்கிறார்கள். காற்று திரும்பும்போதெல்லாம் நம் கருவாட்டு வாசம். வாரத்தில் மூன்று நாள் செம்மண் தடத்தில் சிற்றூர்களுக்குச் செல்கிறோம். தடுப்பூசிக் குளிர்பெட்டியை மடியில் வைத்துப் பள்ளம் வரும்போதெல்லாம் தூக்கிப் பிடிப்பது நான். மாட்டுப்பட்டிகளின் வாயிற்கதவுகளைத் திறப்பதும் மூடுவதும் நான். குழந்தையின் எடையை உரக்கப் படிப்பது நான். நாற்பதாண்டு வகுப்பறையில் பயின்ற குரல் அதற்கு நன்கு பயன்படுகிறது. வசந்தாவை அவ்வூர்ப் பெண்கள் "அமாயி" என்றழைக்கிறார்கள். அம்மா என்றுதான் பொருள். முதல் நாள் அதைக் கேட்டபோது ஆவடிச் சந்தையில் நிற்பதுபோல் இருந்தது.

இவ்வளவும் அந்தத் திடலைக் கடந்தபின் வந்தவை. அங்கே திரும்புவோம்.

இரண்டாம் தேர்வு

ஏழு நாள் கழிந்து மீண்டும் அதே திடல், அதே ஆய்வாளர். குழுவின் கெடு முடிய மூன்று நாள்களே இருந்தன. இம்முறை தவறினால் அடுத்த தேர்வுக்குள் திங்கள் முடிந்துவிடும். நான் வேலிக் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டேன். கண்களை அகலத் திறந்தே வைத்திருந்தேன்.

வசந்தா வண்டிக்கு வெளியே நின்று கூரையில் கை வைத்துத் தலைகுனிந்தார். வரிசையில் இருந்த இளைஞர்கள் வேடிக்கை பார்த்தனர். அதற்குள் ஆய்வாளர் முன்னிருக்கையில் ஏறிவிட்டார். ஏறியதும் டில்லிபாபுவைக் கைகாட்டி அழைத்தார். "நீயும் பின்னால ஏறு. எதுக்கும் இருக்கட்டும்."

இதற்குப்பின் உள்ளே நடந்த உரையாடலை டில்லிபாபு சொல்லக் கேட்டபடி தருகிறேன்.

"என்னம்மா, ஜெபம்?" என்றாராம் ஆய்வாளர்.

"வெளியவே முடிச்சிட்டேன் சார்."

"எனக்கும் சேர்த்துத்தானே?"

"உங்களுக்கும் சேர்த்துத்தான் சார்."

வண்டி புறப்பட்டது. நேரே சென்றது, வளைந்தது, நின்றது. பின்னோக்கி வந்து இரு கம்பங்களுக்கிடையில் ஒரு நோயாளியும் குலுங்காத மென்மையோடு நுழைந்தது. தேர்வு முடிந்தது என்று எண்ணினேன். ஆனால் ஆய்வாளர் இறங்கவில்லை. விரலை நீட்டி வாயிலைக் காட்டினார். வண்டி திடலை விட்டு வெளியேறி, நெடுஞ்சாலையை ஒட்டிய அணுகுசாலையில் ஏறி, தண்ணீர் லாரி ஒன்றன்பின் மறைந்துவிட்டது.

காத்திருந்த அந்த நேரத்தில் எத்தனையோ எண்ணினேன். ஒன்பதாண்டு ஆய்வேட்டின் பக்கங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. அவற்றுள் மலாவியைவிட முதன்மையான பக்கம் ஒன்றையும் என்னால் நினைவுகூர முடியவில்லை.

வெளியே நிகழ்ந்தது இது. அணுகுசாலையில் எதிர்த்திசையிலிருந்து, காதுக்கும் தோளுக்கும் இடையே கைப்பேசியைச் செருகியவாறு, இருசக்கர ஊர்தியில் ஒருவர் நேரே வந்தார். நம் புறநகரில் இது நாள்தோறும் காணும் காட்சி. வருபவர் ஒதுங்கமாட்டார், முறையாகச் செல்பவர்தான் ஒதுங்க வேண்டும். ஒதுங்கலாமென்றால் பக்கத்தில் திறந்த கால்வாய். வசந்தா வண்டியை நிறுத்தினார். கியரை விடுவித்தார். கைத்தடை இட்டார். கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, தப்பான பக்கம் வர்றீங்க. ஃபோன உள்ள வைங்க. வண்டியத் திருப்புங்க."

"ரெண்டு நிமிஷம் க்கா, அந்தாண்டதான் ஊடு, போய்க்கினே இருப்பேன்."

"திருப்புங்க."

அவ்வளவுதான். குரல் உயரவில்லை. பின்னிருக்கையில் தாமே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டதாக டில்லிபாபு சொன்னார். அந்த மனிதர் கைப்பேசியைப் பையில் இட்டு, ஊர்தியைத் திருப்பி, வந்த வழியே சென்றார்.

ஆய்வாளர் பேனாவை எடுத்தாராம். பிறகு, "என்ன வேலை பார்த்தீங்கம்மா?" என்று கேட்டாராம்.

"நர்ஸ் சார்."

"அதான் பார்த்தேன்" என்று தாளில் ஒப்பமிட்டாராம்.

வண்டி வாயிலுக்குள் நுழைந்தபோது நான் முதலில் கண்டது டில்லிபாபுவைத்தான். பின்சன்னல் வழியே இடுப்புவரை வெளியே வந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார். விதிப்படி அது குற்றம். ஆய்வாளர் கண்டும் காணாதவர்போல் இறங்கி அடுத்தவரை அழைத்தார்.

வசந்தா ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்தார். "பாஸ் பண்ணிட்டேங்க" என்றார். நான் வேலியைச் சுற்றிக்கொண்டு வண்டியருகே வந்தேன். வேலியில் பதிந்திருந்த துரு என் உள்ளங்கைகளில் வரிவரியாய் இருந்தது. அதே கையோடு அவர் கையைப் பற்றினேன்.

பூந்தமல்லியைத் தாண்டி

"டில்லி, வீடு வரைக்கும் நானே ஓட்டட்டுமா?"

"இனிமே நான் இன்னா வாணாம்னா சொல்லப் போறேன்? ஓட்டு மா."

விதிப்படி டில்லிபாபு முன்னிருக்கையில் மாறி அமர்ந்தார், நான் பின்னால். பூந்தமல்லியில் ஆவடிக்குப் பிரியும் சாலை வந்தது. வசந்தா அதைப் பார்த்தார். திரும்பவில்லை. வண்டி நேரே பெங்களூர் நெடுஞ்சாலையில் சென்றது.

"யம்மா, ஆவடி அந்தாண்ட."

"தெரியும் டில்லி."

நசரத்பேட்டை கடந்தது. சன்னல் வழியே காற்று வேகமாய் அடித்து வசந்தாவின் நரைமுடி ஒரு கற்றை கொண்டையிலிருந்து விடுபட்டுப் பறந்தது. அவர் அதை ஒதுக்கவில்லை. இரு கைகளும் சக்கரத்தில் உறுதியாய் இருந்தன. முன்னே சென்ற சரக்குந்து ஒன்றை முறையாக விளக்கிட்டு முந்தினார். டில்லிபாபு பயிற்றுநருக்கென்று தம் பக்கம் பொருத்தியிருந்த தடைமிதியின்மேல் வைத்திருந்த காலை எடுத்துவிட்டார்.

"எங்கே போகிறோம்?" என்று கேட்டேன்.

"தெரியலைங்க. கொஞ்ச தூரம் போய்ப் பார்ப்போம்."

"டீசல் நான் போட்டது, அத்த மட்டும் நெனப்புல வெச்சிக்கோ" என்றார் டில்லிபாபு. சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

அப்போதுதான் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டுமென்ற எண்ணம் வந்தது. பின்னிருக்கையிலிருந்தே செயலாளரைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தி சொன்னேன். மறுமுனையில் அவர் உண்மையாகவே மகிழ்ந்தார். அதிருக்கட்டும், எப்போது புறப்பட முடியும், பயணச்சீட்டு எடுக்க ஒரு நாள் சொல்லுங்கள் ஐயா என்றார்.

"எப்போது புறப்படலாம் என்று கேட்கிறார்" என்று நான் வசந்தாவைக் கேட்டேன்.

அவர் சாலையிலிருந்து விழி எடுக்கவில்லை.

"கிளம்பியாச்சுன்னு சொல்லுங்க."